தந்தி போய்ச் சேர்ந்தது

அந்தக் கோடையில் விருத்தாசலத்தில் மண்டைகளை உடைக்கப் பீங்கான்தான் பயன்பட்டது. தந்திக் கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கிக்கொண்டு ஒரு வெள்ளைக் கிண்ணம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். கைக்கு அடக்கமானது, நல்ல கனம், நடுவே இரும்புத் தண்டு. ரயில் நிலையத்துக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் அதைத்தான் செய்தார்கள். வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள் வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றிவந்து உள்ளே இறக்கினார்கள். வாசலில் நின்ற தொழிலாளர்கள் கல் எறிந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கிடங்கைத் திறந்து கிண்ணங்களை எறிந்தார்கள். சோதனையில் கழிக்கப்பட்டவற்றை முதலில் எறிந்து தீர்த்துவிட்டு, அதன் பிறகே தேறியவற்றில் கைவைத்தார்கள் என்று கிடங்கு குமாஸ்தா பின்னாளில் என்னிடம் பெருமையோடு சொன்னார். ஒரு பெண்ணுக்குத் தாடை இரண்டாகப் பிளந்தது. பதிலுக்கு உள்ளே புகுந்தவர்கள் காவலாளியைக் கூழ்க்களிமண் தொட்டியில் தலைகுப்புற அழுத்தினார்கள். வெளியே இழுத்தபோது அவர் முகம் வார்ப்பிலிருந்து எடுத்த பொம்மைபோல இருந்ததாம். மூக்கில் குச்சி விட்டுக் களிமண்ணைத் தோண்டிய பிறகு மூச்சு வந்தது.

நான் அப்போது ஊரின் தந்தி அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். எழுபதுகளின் பிற்பகுதி. பெரிய நகரங்களில் தட்டச்சு செய்தால் அங்கே எழுத்தாக விழும் இயந்திரங்கள் வந்துவிட்டிருந்தன. எங்களுக்கு மோர்ஸ் கருவிதான்; சத்தம் நன்றாகக் கேட்பதற்காக அதன் பின்னால் ஒரு காலி சிகரெட் டப்பாவை வைத்திருப்போம். இருபத்தொரு ஆண்டுச் சேவையில் நான் அனுப்பிய தந்தி ஒன்றுகூடக் காணாமல் போனதில்லை. அப்படி நம்பிக்கொண்டிருந்தேன். நம்புவதற்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு தந்திக்கும் அடுத்த அலுவலகம் "கிடைத்தது" என்று ஒரு குறி தட்டும். அதை நேரத்தோடு தாளில் குறித்துக்கொண்டால் என் பொறுப்பு முடிந்தது. அதன் பிறகு அது அடுத்த அலுவலகத்தின் பொறுப்பு. பிறகு அதற்கடுத்ததன் பொறுப்பு. உலகம் முழுவதும் இப்படித்தான் செய்தி போய்க்கொண்டிருந்தது. இதில் எனக்கு ஒரு மதநம்பிக்கை இருந்ததென்றே சொல்லலாம். மற்றவர்கள் எங்கள் ஊர்க் கோயில் பழமலைநாதரிடம் வைத்திருந்ததை நான் அந்தக் குறியிடம் வைத்திருந்தேன்.

வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள் என் மனைவியின் தம்பி அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்தான். அவன் வந்த வண்டி ரயில் நிலையத்துக்குள் நுழையும்போது யாரோ யாரையோ குறிவைத்து எறிந்த கல், ஜன்னல் வழியாக வந்து அவன் காதை உரசிவிட்டுப் போனது. ரத்தம் வடிய, கையில் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"என்னடா மாப்ள இது?" என்றேன்.

"வரவேற்பு பலமா இருக்குது மாமா," என்றான்.

அன்று மாலை எங்கள் எதிர்வீட்டுக்காரர் அவனைப் பார்க்க வந்தார். அவர்தான் அந்தத் தொழிற்சாலையில் சூளைக்குப் பொறுப்பானவர். தொழிற்சங்கத்தின் செயலாளரும் அவர்தான். போன வாரம் வாங்கிய அடியில் புருவத்துக்கு மேல் மூன்று தையல் இருந்தது. கிழிந்த புருவத்தை உயர்த்த முடியாததால் எதைச் சொன்னாலும் நம்பாதவர்போலத் தெரிந்தார்.

"அமெரிக்காவுல என்ன வேலைப்பா பாக்கறே?"

"கம்ப்யூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு தந்தி குடுத்துக்கற மாதிரி ஒரு வேலைண்ணே."

"அப்ப எங்க தந்தி சாரு சோத்துல மண்ணைப் போட வந்திருக்கே."

அவன் விளக்கினான். அமெரிக்காவில் பல கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைத்து ஒரு வலை பின்னியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் வேறு வலைகள். வானொலி அலையில் ஒன்று, செயற்கைக்கோள் வழியாக ஒன்று. ஒவ்வொரு வலைக்கும் ஒரு விதி. இவற்றையெல்லாம் கோத்து, ஒரு நாட்டுக் கம்ப்யூட்டர் இன்னொரு நாட்டுக் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு ஒரு பொதுவிதி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். செய்தியைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண்ணும் முகவரியும் எழுதி விட்டுவிடுவது. நடுவில் இருக்கும் இயந்திரம் துண்டை வாங்கி அடுத்ததற்குத் தள்ளும். ஆனால் எதற்கும் உத்தரவாதம் தராது. இடம் இல்லையென்றால் துண்டைத் தூக்கி எறிந்துவிடும்.

"எறிஞ்சுடுமா?"

"எறிஞ்சுடும் மாமா."

"பதிவேட்டுல எழுதாமலா?"

"பதிவேடே கெடையாது."

என் மனைவி எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அப்ப போய்ச் சேந்துச்சான்னு எவனுக்குடா தெரியும்?"

"அந்தக் கடைசில வாங்கறவன் வந்துச்சுன்னு சொல்லணும். அவன் சொல்ற வரைக்கும் அனுப்பினவன் நகலைக் கையில வெச்சிக்கிட்டு மறுபடி மறுபடி அனுப்புவான். நடுவுல இருக்கறவங்க சொல்றதை ஒரு பேச்சாவே எடுத்துக்க மாட்டான்."

நான் அவனை உண்டு இல்லை என்று ஆக்கினேன். அப்படி அனுப்பினால் ஒரே செய்தி இரண்டு முறை போகும். தகப்பன் செத்துவிட்டான் என்று இரண்டு தந்தி போனால் பிள்ளை இரண்டு முறை கொள்ளிவைப்பானா என்று கேட்டேன். வரிசை எண் ஒன்றாக இருந்தால் இரண்டாவதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்றான். மாசி மகத் திருவிழாக் கூட்டத்தன்று எங்கள் கம்பி படும் பாட்டைச் சொன்னேன். அன்றைக்குத் தாமதமான ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொருவனும் மறுபடி மறுபடி அனுப்பினால், கம்பியில் செய்தியே இருக்காது, செய்தியின் நகல்கள்தான் அடைத்துக்கொண்டிருக்கும் என்றேன். அதை அவன் ஒரு தாளில் குறித்துக்கொண்டான். பிறகு எத்தனை வலைகளை இணைக்க முடியும் என்று கேட்டேன்.

"இருநூத்தி அம்பத்தாறு."

"ஏன், அதுக்கு மேல எண்ணத் தெரியாதா?"

"முகவரியில அதுக்கு பூஜ்யமோ ஒண்ணோ போடற எட்டு எடந்தான் ஒதுக்கியிருக்காங்க. அது போதும்னுதான் நெனைக்கறாங்க மாமா. உலகத்துல அத்தினி வலை எங்க இருக்கப்போவுது?"

"ஒரு நாட்டுக்கு ரயில்வேக்காரன் ஒண்ணு, ராணுவத்துக்காரன் ஒண்ணு, தபால்காரன் ஒண்ணு வெச்சிக்கிட்டாலே தீந்துபோச்சு உங்க எண்ணிக்கை. இத வெச்சிக்கிட்டு உலகத்தையே கட்டறாராம்."

எதிர்வீட்டுக்காரர் சிரித்தார். சிரித்ததில் தையல் இழுத்து, புருவத்தைப் பிடித்துக்கொண்டார். "தந்தி சாரு, ஒண்ணு சொல்றேன். நாங்க நாலு கம்பெனி சாமானை ஒரே வண்டியில அடுக்கி சூளைக்குள்ள தள்ளுவோம். உள்ள வெடிச்சுதா நல்லா வந்துச்சான்னு நடுவுல எவனும் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் வண்டி வந்தப்புறம் எடுத்துத் தட்டிப் பாத்தாத்தான். தம்பி சொல்றதுல ஏதோ இருக்குதுங்க."

"உங்க சூளையில வாய் இல்லாத சாமான் போவுது. எங்க கம்பியில போறது அரசாங்கத்தோட வாக்கு," என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்ட வாக்கியத்துக்குக் காவல் நிற்பது என் குணம்.

செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுக்காரர் சேலம் போனார். முதலாளி சேலத்தில் இருந்தார், பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருந்தார். எந்த லாட்ஜில் தங்குவார் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இல்லாத இரண்டு நாளில் ஊரில் இன்னும் ஆறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒருவருக்கு விரல்கள் போயின. கதவிடுக்கில் கையை வைக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்களாம். எந்தப் பக்கத்து ஆள் என்பதை இப்போது மறந்துவிட்டேன். அப்போதும் அது பெரிய வேறுபாடாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேலத்திலிருந்து ஒரு தந்தி வந்தது. தொழிற்சாலை மேலாளருக்கு. நானே கேட்டு எழுதினேன். செயலாளர் இன்று மதியம் சேலம் பாசஞ்சரில் திரும்புகிறார், ஐந்து ஆட்கள் பகலுக்குள் அங்கே வருவார்கள், ஸ்டேஷனில் ஆவன செய்யவும் என்று இருந்தது. என் வாழ்நாளில் "ஆவன செய்யவும்" என்ற சொற்களைப் பல ஆயிரம் காகிதங்களில் பார்த்திருக்கிறேன். அது உடனடியாகவும் முழுமையாகவும் நிறைவேற்றப்பட்டது அந்த ஒரு முறைதான்.

தந்தியை உறையில் போட்டு ஒட்டி, தந்திச் சேவகரிடம் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் பட்டுவாடா ஆகிவிட்டது. தடுத்து வைக்க எனக்கு அதிகாரம் இல்லை. படித்ததை வெளியே சொல்லவும் அதிகாரம் இல்லை. தந்தி ரகசியத்தை வெளியிடுபவனுக்குச் சிறை என்று சட்டத்தில் இருக்கிறது, எந்தப் பிரிவு என்றும் எனக்குத் தெரியும். பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்துபோய் எதிர்வீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னேன்.

அந்த அம்மாள் கோப்பைகளில் பூப்படம் ஒட்டும் வேலை செய்பவர். வேறு ஒரு சிறு பட்டறை. அன்று வேலைக்குப் போகவில்லை. வீட்டில் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவருக்குத் தலையில் கட்டு. தலைக்கட்டுக்காரர்தான் முதலில் பேசினார்.

"நாலு பேரு சைக்கிள்ல இதுக்கு முந்தின ஸ்டேஷனுக்குப் போயிடறோம். வண்டி அங்க நின்னதும் எறக்கிடலாம்."

"அந்த ரோடு கம்பெனி வாசல் வழியாத்தான் போவுது. நாலு பேரு சேந்து போனா அங்கயே விழும்," என்றார் மற்றவர்.

"அதுக்குன்னு வுட்டுடறதா?"

"அவசரத் தந்தி குடுக்கறேன்," என்றேன் நான். "ஒரு மணிக்குத்தான் வண்டி அங்க கெளம்புது. மூணு மணி நேரத்துக்கு மேல இருக்குது. லாட்ஜுக்கே போய்ச் சேந்துடும். அவரு அங்கயே இருந்துக்கட்டும்."

லாட்ஜில் தொலைபேசி இல்லை. போலீஸ்காரர்கள் அத்தனை பேரும் தொழிற்சாலை வாசலில் நின்றார்கள். கலவரம் அங்கேதான் நடக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் மனைவி என் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தார்: புறப்பட வேண்டாம், உயிருக்கு ஆபத்து, அங்கேயே இருக்கவும். அனுப்புநர் என்ற இடத்தில் தன் பெயர். எங்கள் ஊரிலிருந்து சேலத்துக்கு ரயில் நேராகப் போகிறது. தந்தி அப்படிப் போகாது. வேறு திசையில் முதல் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பெரிய அலுவலகத்துக்குப் போய், அதன் பிறகே சேலம். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு அனுப்பினேன். முதல் அலுவலகம் உடனே "கிடைத்தது" என்று தட்டியது. நேரத்தைக் குறித்தேன்.

என் மைத்துனன் காதில் பஞ்சோடு கவுண்டருக்கு வெளியே நின்றிருந்தான்.

"மாமா, பதில் கேட்டு அனுப்பினீங்களா?"

"என்ன பதில்?"

"கெடச்சிடுச்சு, நான் வரலைன்னு அவரு ஒரு தந்தி குடுக்கணும். அது வந்தாத்தான் நமக்குத் தெரியும்."

அதற்கு நடைமுறை இருந்தது. பதிலுக்கான கட்டணத்தையும் இங்கேயே கட்டிவிட்டால், வாங்குபவர் கையில் ஒரு பதில் படிவத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். படிவம் என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில்தான் இருந்தது. இருபத்தொரு ஆண்டில் நூற்றுக்கணக்கில் கொடுத்திருக்கிறேன். அன்று கொடுத்திருந்தால், சில நாளைக்கு முன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் நான் பேசியது தவறு என்று ஆகியிருக்கும்.

"ஒப்புகை வந்துடுச்சுடா," என்றேன்.

"அது அடுத்த ஆபீஸோட ஒப்புகை. அவரோடது இல்ல."

"இது உன் அமெரிக்கா வலை இல்ல. இங்க எவனும் தூக்கி எறிய மாட்டான்."

"சரி, ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட சொல்லி ரயில்வே கம்பியிலயும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு வழியில போவட்டும். ஒண்ணு போவலைன்னா ஒண்ணு."

"ரயில்வே கம்பியில தனியார் செய்தி அனுப்பறது விதிக்கு மாறு."

சிறைக்கு அனுப்பக்கூடிய விதியை அரைமணி நேரத்துக்கு முன்புதான் மீறியிருந்தேன். இந்தச் சில்லறை விதியை மீற என்னால் முடியவில்லை. முடியவில்லை என்பதுகூடப் பொய். விருப்பமில்லை.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி வந்து நின்றான். அவனை அடக்குவதற்காகவே முதல் அலுவலகத்தைக் கூப்பிட்டு, அந்த அவசரத் தந்தி என்ன ஆயிற்று என்று கேட்டேன். அடுத்த அலுவலகத்துக்கு அனுப்பியாயிற்று, கிடைத்தது என்று அவர்களும் தட்டிவிட்டார்கள் என்று பதில் வந்தது. இரண்டு ஒப்புகை. நான் அலுவலகத்தைப் பூட்டாமல் உதவியாளரிடம் விட்டுவிட்டு எதிர்வீட்டுக்குப் போனேன். வாசலில் நான்கு சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தலைக்கட்டுக்காரர் ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அடி விழுந்தாலும் பரவாயில்லை, கம்பெனி வாசலைத் தாண்டிப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

"தந்தி போய்ச் சேந்துடுச்சு," என்றேன்.

"நெசமாங்களா சார்?"

"நானே கேட்டு உறுதி பண்ணிட்டேன். அவரு வண்டி ஏற மாட்டாரு. நீங்க வீணா அடிவாங்கப் போவாதீங்க."

அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தார் என்று நினைக்கிறேன். "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும்," என்றார். தலைக்கட்டுக்காரர் காற்றடிப்பதை நிறுத்தினார். சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நான் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

நடந்தது இதுதான். இரண்டாவது அலுவலகம் எது என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்தவர் தந்தியை வாங்கினார், ஒப்புகை கொடுத்தார், சேலத்துக்கு அனுப்பக் கருவியில் கைவைத்தார். கம்பி செத்திருந்தது, எங்கோ மரக்கிளை விழுந்திருந்தது. சரியானதும் அனுப்பலாம் என்று கொக்கியில் குத்தினார். அவசரத் தந்தியை மேலே குத்த வேண்டும், மேலேதான் குத்தினார். பிறகு வந்த அவசரத் தந்திகளையும் மேலேயே குத்தினார். பன்னிரண்டு மணிக்கு வேலைநேரம் முடிந்து அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒவ்வொருவரும் விதிப்படி நடந்தார்கள். ஒரு மணிக்குச் சேலத்தில் எதிர்வீட்டுக்காரர் துணிப்பையோடு வண்டி ஏறினார்.

நாலே முக்காலுக்கு என் மைத்துனன் செருப்பை மாட்டினான்.

"எங்கடா?"

"ஸ்டேஷனுக்கு. அவரு வரலைன்னு கண்ணால பாத்துட்டு வந்துடறேன்."

எனக்கு வந்த கோபம், என்னை நம்பாததால் வந்த கோபம். அவனை இழுத்துவரத்தான் பின்னால் போனேன். வேறு எதற்கும் போகவில்லை என்பதை எழுதிவைப்பது நல்லது.

நல்ல வெயில். இரண்டாவது நடைமேடையில் கூட்டம் இருந்தது. வண்டி பத்து நிமிடம் தாமதம். ஐந்து பேரையும் தண்ணீர்க் குழாயருகில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், மற்றவர்கள் லுங்கி. கையில் சாக்குச் சுருட்டல்கள். வராத ஆளுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது.

வண்டி நின்றது. மூன்றாவது பெட்டியிலிருந்து எதிர்வீட்டுக்காரர் இறங்கினார்.

வெள்ளைச் சட்டைக்காரர் அவரிடம் நடந்து போனார். "சங்கத்துச் செயலாளர் நீங்கதானுங்களே?"

"ஆமாங்க," என்றார் அவர்.

ஆளை உறுதிப்படுத்திக்கொண்டுதான் கொடுத்தார்கள். முதல் அடி முழங்காலில். சாக்குக்குள் இருந்தது எங்கள் கம்பங்களில் கிண்ணத்தைத் தாங்கும் அதே இரும்புத் தண்டுதான்; அவர் சூளையில் வெந்த கிண்ணத்துக்கு உரியது. முழங்கால் முன்பக்கமாக மடங்கியது. முழங்கால் அப்படி மடங்காது. கீழே விழுந்தவருடைய கைகளை இரண்டு பேர் மிதித்து நின்றார்கள். மூன்றாவது ஆள் விறகு பிளப்பவர்போல நிதானமாக, ஒவ்வொரு முறையும் தண்டைத் தலைக்கு மேல் கொண்டுபோய், மூச்சை விட்டு இறக்கினார். சத்தம் பெரிதாக இல்லை. ஜன்னல்களில் முகங்கள் நிறைந்திருந்தன. ஒரு அம்மாள் தன் குழந்தையின் கண்களை மூடிவிட்டுத் தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மைத்துனன் ஓடினான். உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் கோக்கும் வேலையில் இருந்தவன், ஒரு டீ விற்பவரின் கெட்டிலைப் பிடுங்கி வெள்ளைச் சட்டைக்காரரின் முகத்தில் ஊற்றினான். அந்த ஆள் அலறியதுதான் அங்கே கேட்ட ஒரே அலறல். பதிலுக்கு வந்த தண்டு அவன் முன்கையில் விழுந்தது. எலும்பு சட்டைக்கு வெளியே வந்தது. அவன் கீழே விழுந்த பிறகும் காலைப் பிடித்து ஒருவரைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நான் எடை பார்க்கும் இயந்திரத்தின் பின்னால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் நேரம் குறிக்கும் பழக்கம் உள்ளவன், அதற்குக் குறிக்கவில்லை.

அவர்கள் தண்டவாளத்தைத் தாண்டிப் போனதும் பக்கத்தில் போனேன். எதிர்வீட்டுக்காரரின் முகத்தில் ஒரு பக்கம்தான் மிச்சம் இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"தந்தி சாரு," என்றார். "யாருன்னே தெரியலைங்க இவங்க."

பார்சல் வண்டியில் இரண்டு பேரையும் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது ஒருவர்தான் முனகிக்கொண்டிருந்தார்.

அன்று இரவுக்குள் தொழிற்சாலையின் கூரை எரிந்தது. மேலாளர் வீட்டில் புகுந்து, கண்ணில் பட்ட எல்லோரையும் அடித்தார்கள். சமையல்காரரின் விலா எலும்புகள் முறிந்தன. அவருக்கும் தந்திக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. விசாரணை வந்தபோது அந்தக் காலைத் தந்தியின் எண்ணையும் நேரத்தையும் நானே சொன்னேன். நகல்கள் மூன்று மாதத்தில் அழிக்கப்படும் என்பதால் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளும்படியும் சொன்னேன். ரகசியத்தை வெளியிட்டதற்காக எனக்குத் துறையிலிருந்து கண்டனம் வந்தது. எங்கள் தந்தியைப் பற்றித் தனியாக விசாரித்து, எந்த நிலையிலும் எந்த ஊழியர் மீதும் தவறில்லை என்று முடிவு செய்தார்கள். அது சரியான முடிவு. "போய்ச் சேர்ந்துவிட்டது" என்று ஒருவன் வாயால் சொல்வதற்கு எந்த விதியும் இல்லை. விதி இல்லாத இடத்தில் தவறும் இல்லை.

கையில் மாவுக்கட்டோடு அமெரிக்காவுக்குத் திரும்பும்போது என் மைத்துனன் ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. வலது கையால் எழுத முடியாமல் இடது கையால் கிறுக்கிய கடிதங்கள் சில மாதம் வந்தன. பொதுவிதியில் நான் குறைசொன்ன இரண்டும் உண்மையாகவே குறைகள்தான். இருநூற்று ஐம்பத்தாறு போதாமல் சில ஆண்டுகளிலேயே முகவரியைப் பிரித்து மாற்றினார்கள். பத்து ஆண்டுக்குள் அவர்கள் கம்பிகள் தம் நகல்களாலேயே அடைத்துக்கொண்டு மூச்சுத் திணறின. அனுப்புகிறவன் நிலைமையைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று புதிதாக எழுதிச் சேர்த்தார்கள். "நீங்க அன்னைக்கே சொன்னீங்க மாமா" என்று எனக்கு எழுதினான். ஆனால் நான் மதநம்பிக்கை வைத்திருந்த விஷயத்தில் அவன் சொன்னதுதான் நின்றது. நடுவில் இருப்பவன் வாக்கைக் கேட்காமல், கடைசியில் இருப்பவனின் பதிலுக்காகக் காத்திருக்கும் அந்த விதியின் மேல்தான் இன்று எல்லா நாடுகளும் பேசிக்கொள்கின்றன. எங்கள் துறையில் தந்தியையே நிறுத்திவிட்டார்கள். அவர்கள் தவறுக்கு உலகம் முழுக்க எண்களைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. என் தவறைத் திருத்தி எழுத இடமில்லை.

இதை எழுதக் காரணம் அடுத்த நாள் மதியம் வந்த ஒரு செய்தி. உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தது. நான் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. கருவி தட்டியது. சேலத்திலிருந்து, இரண்டு அலுவலகங்கள் கடந்து, முறையான ஒப்புகைகளோடு வந்தது. உங்கள் நேற்றைய அவசரத் தந்தி பட்டுவாடா ஆகவில்லை, முகவரிதாரர் லாட்ஜை விட்டுப் போய்விட்டார், அனுப்பியவருக்குத் தெரிவிக்கவும்.

அனுப்பியவருக்குத் தெரிவித்து, அவர் கையெழுத்தை வாங்கி, கோப்பில் சேர்க்க வேண்டும். சேவகரிடம் கொடுத்து அனுப்பலாம். உறையில் போட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன்.

எதிர்வீடு நிறையப் பெண்கள். அவர் மனைவி நான் முந்தின நாள் பார்த்த அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிலர் எழுந்து வழிவிட்டார்கள். அவர்களுக்கு நான் இன்னும் அந்தக் குடும்பத்துக்காகச் சட்டத்தை மீறிய மனிதர். உறையைக் கொடுத்தேன். பிரித்துப் படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன், கண்கள் மேலே போய் மறுபடி இறங்கின.

"இது இன்னைக்கா வந்துச்சுங்க?"

"ஆமாம்மா."

"நேத்து மத்தியானம் நீங்க வந்து சொன்னப்ப, அவரு கையிக்குப் போயிடுச்சுன்னு யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"அடுத்த ஆபீஸ்ல சொன்னாங்க."

"அவரு சொல்லலை."

"இல்லம்மா."

"தெரியலைன்னு சொல்லியிருந்தீங்கன்னா பசங்க சைக்கிள்ல போயிருப்பாங்கண்ணே," என்றார். குரலை உயர்த்தவில்லை.

பக்கத்தில் இருந்த ஒரு பெண் அழ ஆரம்பித்தார். எதிர்வீட்டு அம்மாள் அழவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். கீழே கையெழுத்துக்கான கோடு இருந்தது. கையை நீட்டினார். எனக்குப் புரியவில்லை.

"பேனா குடுங்க," என்றார். "வாங்கிக்கிட்டேன்னு எழுதணும் இல்ல."

கொடுத்தேன். பெயரை முழுதாக, நிதானமாக எழுதினார். அதற்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுக் கோப்பில் சேர்த்தேன்.